கசுகாபே பாதாள வெள்ளத் தொட்டி டூர்: போகலாமா?

டோக்கியோ பக்கம் இருக்கிற நம்மாளுங்க நிறைய பேர் கேட்டுட்டே இருக்கீங்க, அதான் எழுதிடறேன். டோக்கியோவுக்கு வடக்க, சைத்தாமா மாநிலத்துல இருக்கிற கசுகாபேல, ஆத்து வெள்ளத்த வாங்கிக்க மண்ணுக்கடியில கட்டி வச்ச பிரம்மாண்டத் தொட்டி இது. கண்டிப்பா போகலாம். ஆனா ஆயிரம் யென் பக்கம் வர்ற டிக்கெட்ல தூண் ஹால மட்டும் பாத்துட்டு வந்துடாதீங்க, கூட காசானாலும் ஷாஃப்ட்டுக்குள்ள (வெள்ளத் தண்ணி விழற ராட்சசக் கெணறு) விடற டூரா பாத்து புக் பண்ணுங்க.

எல்லாரும் "பாதாளக் கோயில்"னு போட்டோ போடற அந்த தூண் ஹால்தான் தொட்டி, 177 மீட்டர் நீளம், 78 மீட்டர் அகலம், 59 தூண், ஒவ்வொண்ணும் 500 டன். கூரையத் தாங்கறதுக்குத்தான் இவ்ளோ பெரிசுன்னு தோணும், அது மட்டும் இல்ல, நிலத்தடி தண்ணி கீழருந்து முட்டி தொட்டியவே மேல தூக்கிடாம அழுத்திப் பிடிக்கவும் அந்த வெயிட் வேணுமாம். இத்தனைக்கும், தரைக்கு மேல இருக்கிறது சாதாரண ஃபுட்பால் கிரவுண்டு. நூறு படிக்கு மேல இறங்கி ஏறணும், முட்டி வலி இருக்கிற அப்பா அம்மாவ கூட்டிட்டு போறவங்க யோசிச்சுக்கோங்க.

ஷாஃப்ட் தான் மேட்டரே. 70 மீட்டர் ஆழம், 30 மீட்டர் அகலம், ஹெல்மெட்டு பெல்ட்டு எல்லாம் மாட்டி சுவத்த ஒட்டின நடைபாதையில கூட்டிட்டு போறாங்க, கீழ பாத்ததும் கம்பியப் புடிச்ச கை வர மாட்டேங்குது. இது மாதிரி அஞ்சு இருக்கு, 50 மீட்டர் ஆழத்துல ஓடற 6.3 கிலோமீட்டர் டனல்தான் எல்லாத்தயும் சேக்குது. நாகா மாதிரி ஆறுங்க ரொம்பினா தண்ணி தானா இதுக்குள்ள விழும், அப்புறம் விமான எஞ்சின மாத்தி செஞ்ச டர்பைன் வச்சு செகண்டுக்கு 200 கன மீட்டர் வரைக்கும் எடோ ஆத்துல தள்ளுவாங்க. 2006ல கட்டி முடிச்சது, 2019 ஹகிபிஸ் புயல்ல மட்டும் ஒரு கோடி கன மீட்டருக்கு மேல வாங்கியிருக்கு.

டோக்கியோல நம்ம இந்தியாக்காரங்க நிறைய இருக்கிற நிஷிகசாய் ஆளுங்க இதக் கொஞ்சம் கவனிங்க. இது முக்கியமா காப்பாத்தறது சைத்தாமாவோட பள்ளமான ஏரியாவ. தண்ணிய தள்ளி விடற அதே எடோ ஆறு நம்ம எடோகாவா வார்டு ஓரமாத்தான் கடலுக்குப் போகுது, நம்ம வார்டுலயோ 70 சதவீத நிலம் கடல் ஏத்தம் வர்றப்போ இருக்கிற தண்ணி மட்டத்துக்கு கீழ! 2019ல வார்டு ஆபீஸ் குடுத்த வெள்ள மேப் அட்டையிலயே "இங்க இருக்கக் கூடாது"ன்னு போட்டிருக்காங்க. டேங்க் கட்டிட்டாங்க, சென்னை மாதிரி ஆகாதுன்னு பேசறவங்க முதல்ல அந்த மேப்ப எடுத்துப் படிங்க, பெரிய வெள்ளம்னா முன்னாடியே வார்ட விட்டு கிளம்பணும்ங்கறதும் அவங்க பிளான்தான், பாதுகாப்புல கான்கிரீட் பாதி, கிளம்பறது பாதி.

ஒரு ஸ்டார் குறைக்கிறேன், விளக்கம் எல்லாம் ஜப்பானிய மொழியில, அது தெரிஞ்ச ஃப்ரெண்டு ஒருத்தர் கூட இருந்தாத்தான் காசுக்கு வொர்த். மழை பலமா வந்தா டூர் கேன்சல், தொட்டிக்கு அன்னைக்கு வேலை இருக்கும்ல. மினாமி சகுராய் ஸ்டேஷன்ல இறங்கி டாக்ஸி புடிங்க, நடந்தா அரை மணிக்கு மேல ஆகும். சைவக்காரங்க தயிர் சாதம் கட்டிக்கிறது நல்லது.