தை மாதத்தில் செரி மரத்தில் வாள் வைக்க விடாதீர்கள்

இங்கிலாந்தில் வீட்டு வளவில் பூச்செரி மரம் வைத்திருப்பவர்கள் இதைக் கட்டாயம் வாசியுங்கள். இலை கொட்டிய குளிர்காலத்தில் வந்து, "இப்ப வெட்டினாத்தான் மரம் வடிவா வரும்" என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள். நான் நம்பினேன். மரம் செத்துவிட்டது.

லண்டன் ஹரோவில் நாங்கள் வீடு வாங்கும்போதே பின்வளவில் அது நின்றது. கன்சான் என்ற ஜப்பான் இனம். ஏப்ரல் கடைசியில் செம்பு நிறத் தளிரோடு அடுக்கடுக்காக இளஞ்சிவப்புப் பூப் பூக்கும். பழம் இல்லை, பூவுக்காகவே வைக்கிற மரம். அம்மா ஊரிலிருந்து வந்து நின்ற நாட்களில் தேத்தண்ணிக் கோப்பையோடு அதன் கீழ்தான் இருப்பா.

கொப்புகள் பக்கத்து வீட்டு வேலிக்கு மேலால் போய்விட்டன. கொஞ்சம் குறைக்கலாம் என்று, தமிழ்க் கடை வாசலில் ஒட்டியிருந்த துண்டைப் பார்த்து ஒருவரைக் கூப்பிட்டேன். எங்கட ஆள், நல்ல மரியாதையாகக் கதைத்தார். "அண்ணை, மரம் இப்ப நித்திரை. வெட்டினா அதுக்குத் தெரியவும் தெரியாது. ஒண்டுக்கும் பயப்பிடாதேங்கோ" என்றார். 280 பவுண் கேட்டார். ரசீதும் இல்லை, காப்புறுதிப் பத்திரமும் காட்டவில்லை. நானும் கேட்கவில்லை. தை மாத மழைத் தூறலில் இரண்டு மணித்தியாலம் வாள் ஓடியது. போய்ப் பார்த்தால், மணிக்கட்டு மொத்தக் கொப்புகள் எல்லாம் பாதியில் அறுத்து மொட்டையாக நின்றன. மனுசி பார்த்துவிட்டு ஒன்றும் கதைக்காமல் உள்ளே போய்விட்டா.

அவர் சொன்னது அப்பிள், பேரிக்காய் மரங்களுக்குச் சரி. அவற்றைக் குளிர்காலத்தில்தான் வெட்டுவார்கள். செரிக்கும் பிளம்ஸுக்கும் அது சரிவராது. வெள்ளி இலை நோய் என்று ஒரு பூஞ்சண நோய் இருக்கிறது. அதன் வித்துகள் இலையுதிர் காலத்திலும் குளிர்காலத்திலும் ஈரக் காற்றில் பரவி, புதிதாக வெட்டிய காயத்தால் மரத்துக்குள் இறங்கும். செரியில் பக்டீரியாவால் வருகிற பட்டைப்புண் நோயும் அந்த ஈரக் காலத்துக் காயங்களால்தான் சுலபமாக உள்ளே போகும். அதனால்தான் செரியை ஜூன் முதல் ஓகஸ்ட் வரை, மழை இல்லாத நாளாகப் பார்த்து, முடிந்த அளவு குறைவாக வெட்டச் சொல்கிறார்கள். அந்த நேரம் காயம் கெதியாக ஆறும். இது ஒன்றும் ஆருக்கும் தெரியாத இரகசியம் இல்லை. காசு வாங்கி மரம் வெட்டுகிறவருக்கு இது தெரியாமல் இருக்கவே கூடாது.

அந்த வருடம் பூ அங்கொன்றும் இங்கொன்றும்தான். ஜூனில் ஒரு கொப்பின் இலைகள் மட்டும் ஈயம் பூசினதுபோல் மினுங்கின. அடுத்த வருடம் அந்தக் கொப்பு காய்ந்தது, மினுக்கம் பக்கத்துக் கொப்புக்குப் போனது. அவரைத் திரும்பவும் கூப்பிட்டேன். அடிமரத்தில் முளைத்திருந்த பச்சைத் தளிர்களைக் காட்டி, "பாருங்கோ அண்ணை, மரம் தளிர்க்குது" என்றார். மருந்து அடிக்க வேண்டும் என்று இன்னொரு 90 பவுண் வாங்கினார்.

இரண்டுமே பொய். வெள்ளி இலை நோயைக் குணமாக்க அடிக்கிற மருந்து ஒன்றுமில்லை. அந்தத் தளிர்கள் கன்சானும் இல்லை. பூச்செரியை வேறு செரியின் வேரில் ஒட்டித்தான் விற்கிறார்கள். ஒட்டுக்குக் கீழே முளைப்பது அந்த வேர் மரம். அடுத்த வசந்தத்தில் அதில் ஐந்து இதழ் வெள்ளைப் பூ வந்தபோது எனக்கே விளங்கியது.

பிறகு முறையாகப் படித்த ஒரு மர நிபுணரை அழைத்தேன். அவர் வந்து செய்த முதல் வேலை, மினுங்கிய கொப்பில் ஒரு துண்டை அறுத்து வெட்டு முகத்தைக் காட்டியதுதான். நடுவில் கபில நிறக் கறை. உங்கள் மரத்திலும் இலை மினுங்கினால் இப்படிப் பாருங்கள். மரம் முழுவதும் ஒரே நேரத்தில் மினுங்கி, உள்ளே கறை இல்லாவிட்டால் அது தண்ணீர்த் தட்டுப்பாடு போன்ற வாட்டமாக இருக்கலாம், மரம் தேறிவிடும். கறை இருந்தால் அது முடிகிற இடத்தையும் தாண்டி 15 சென்ரிமீற்றராவது கோடையில் வெட்டி அகற்ற வேண்டும். எங்கள் மரத்தில் கறை அடிமரம் வரை இறங்கியிருந்தது. பட்டையில் ஊதா நிறத் தட்டுக் காளானும் வந்துவிட்டது. அதிலிருந்து வித்துப் பரவி அடுத்த வீட்டுப் பிளம்ஸ் மரத்துக்கும் நோய் போகும் என்பதால் முழுவதுமாகத் தறிக்க வேண்டியதாயிற்று.

வெட்ட முன் கவுன்சிலிடமும் கேளுங்கள். பாதுகாக்கப்பட்ட பகுதி என்றால் ஆறு வாரம் முன்பே எழுதி அறிவிக்க வேண்டும். மரத்துக்கே பாதுகாப்பு ஆணை இருந்தால் அனுமதி வேண்டும். எங்கள் தெருவுக்கு இரண்டும் இல்லை. ஆனால் அந்த ஆள் அதைப் பற்றி வாயே திறக்கவில்லை.

தறித்த இடத்தில் திரும்பச் செரி வைக்கக் கூடாது என்று நிபுணர் சொன்னார். வளவின் மற்றப் பக்கத்தில், மண் மேடாக்கி, ஒடுங்கி வளர்கிற அமனொகவா என்ற பூச்செரிக் கன்று ஒன்றைப் போன நவம்பரில் நட்டோம். வாள் வைக்கத் தேவையே வராத இனமாகப் பார்த்துத்தான் எடுத்தேன்.

அந்த ஆள் இப்போது என் அழைப்பை எடுப்பதில்லை. கடைக்கார அண்ணையிடம் நடந்ததைச் சொன்னேன், அவர் அந்தத் துண்டைக் கிழித்துவிட்டார். இன்னும் இரண்டு கடை வாசலில் ஒட்டியிருக்கிறது. தை மாதம் வரப்போகிறது.