நேப், பெர்ம், பேங்கர்: நைஜீரியாவின் 5/90 லாட்டரியில் எதில் எவ்வளவு கரையும்?

லாகோஸ் தெருக்களில் விற்கும் 5/90 லாட்டரியில் குலுக்கல் ஒன்றுதான்: 1 முதல் 90 வரையுள்ள எண்களில் ஐந்து விழும். பணம் கட்டும் விதம்தான் பல. 'பாபா இஜெபு' என்று ஊரே அழைக்கும் பிரீமியர் லோட்டோ முதலான கடைகளில் வழக்கமாக உள்ள விகிதம் இது: இரண்டு எண்ணைச் சரியாகச் சொன்னால் (நேப் 2) கட்டியதற்கு 240 மடங்கு, மூன்றுக்கு 2,100, நான்குக்கு 6,000, ஐந்துக்கு 44,000.

44,000 என்றதும் கண் அங்கேதான் போகும். கணக்கு வேறு சொல்கிறது. 90 எண்களில் 4,005 ஜோடிகள். விழும் ஐந்து எண்களுக்குள் 10 ஜோடிகள். ஆக நேப் 2 கிடைக்க வாய்ப்பு சுமார் 400-இல் 1. 240 மடங்கு தருவதால், கட்டும் ஒவ்வொரு 100 நைராவுக்கும் சராசரியாக 60 நைரா திரும்பும். நேப் 3-இன் வாய்ப்பு 11,748-இல் 1. திரும்புவது 18 நைரா. நேப் 4-இல் ஒரு நைரா சொச்சம். நேப் 5-இன் வாய்ப்பு ஏறத்தாழ 4.39 கோடியில் 1. திரும்புவது 10 கோபோ, அதாவது ஒரு நைராவில் பத்தில் ஒரு பங்கு. பரிசு பெரிதாகப் பெரிதாகக் கடைக்காரர் பங்கு வீங்குகிறது. நேப் 4, நேப் 5 இரண்டையும் தொடவே வேண்டாம்.

மிச்சமிருப்பது நேப் 2-ஐ எப்படிக் கட்டுவது என்பது. பெர்ம் 2 என்றால் எழுதும் எண்களை எல்லா வழியிலும் இரண்டிரண்டாகச் சேர்ப்பது; ஐந்து எண் எழுதினால் 10 ஜோடிகள். ஜோடிக்கு 10 நைரா வீதம் 100 நைரா. இரண்டு எண் விழுந்தால் 2,400, மூன்று விழுந்தால் மூன்று ஜோடி சேர்ந்து 7,200. சுமார் 43 குலுக்கலுக்கு ஒரு முறை ஏதாவது கிடைக்கும். பேங்கரில் ஒரே எண்ணை மற்ற 89 எண்களோடும் சேர்க்கிறார்கள்: செலவு 890 நைரா, அந்த எண் விழுந்தால் நான்கு ஜோடிக்கு 9,600. இது 18-இல் ஒரு முறை. அடிக்கடி வெல்வதால் பேங்கர் லாபம் என்று பேசுவார்கள். 18 முறை கட்ட 16,020 நைரா ஆகிறதே! அதே 60 விழுக்காடுதான். மாறுவது வெற்றி வரும் இடைவெளி மட்டும். கையில் காசு குறைவென்றால் பெர்ம் போதும்.

'அகெய்ன்ஸ்ட்' முறையில் ஒரு குழுவின் எண்களை இன்னொரு குழுவோடு மட்டும் ஜோடி சேர்ப்பார்கள். 7, 22 ஒரு பக்கம், 14, 51, 60 மறுபக்கம் என்றால் ஆறு ஜோடிகள். 7-உம் 22-உம் சேர்ந்து விழுந்து, மறுபக்கத்தில் ஒன்றும் விழாவிட்டால் பைசா கிடையாது. ஏஜென்டோடு சண்டை வருவது பெரும்பாலும் இங்கேதான்.

இன்னொரு பொறி: ஐந்து எண்ணுக்குப் பெர்ம் 3 (மூன்று மூன்றாகச் சேர்ப்பது) போட்டாலும் 10 சேர்க்கைதான், அதே 100 நைராதான். ஆனால் இரண்டு எண் விழுந்தால் வெறும் கை. சீட்டு அச்சானதும் பெர்ம் 2 என்றிருக்கிறதா, தொகை ஒரு சேர்க்கைக்கா மொத்தத்துக்கா, எந்தக் குலுக்கலின் பெயர் என்று கடையை விட்டு நகருமுன் பாருங்கள். ஒரே நாளில் பல குலுக்கல் நடப்பதால் பெயர் மாறிப்போவது சகஜம். முடிவுப் பலகையில் 'வின்னிங்', 'மெஷின்' என இரண்டு வரிசை இருக்கும். சாதாரணச் சீட்டுக்கு வின்னிங் வரிசையே கணக்கு. 'உறுதியான பேங்கர்' என்று, நிச்சயம் விழும் எண் இதுதான் எனச் சொல்லி விற்பவர்களுக்குக் கொடுக்கும் காசு இந்த 60 விழுக்காட்டையும் அரிக்கும்.

பரிசு வராவிட்டால் யாரிடம் போவது? 2005-ஆம் ஆண்டின் தேசிய லாட்டரிச் சட்டப்படி கூட்டாட்சி ஆணையமும் உரிமம் தந்தது, மாநிலங்களும் தந்தன. லாகோஸ் அரசு 2008-இல் தொடுத்த வழக்கில் 2024 நவம்பர் 22 அன்று உச்ச நீதிமன்றம் அந்தச் சட்டத்தைச் செல்லாததாக்கியது: லாட்டரி மாநிலங்களின் அதிகாரம், நாடாளுமன்றம் தலைநகர்ப் பகுதியான அபுஜாவுக்கு மட்டுமே இதில் சட்டம் இயற்றலாம். பக்கத்து கானாவில் 2006-ஆம் ஆண்டுச் சட்டப்படி தேசிய லாட்டரி ஆணையமே குலுக்கலையும் நடத்துகிறது, ஒழுங்குமுறையையும் பார்க்கிறது. புகார் சொல்ல ஒரே வாசல், ஆனால் நடத்துபவரே நடுவர். நைஜீரியாவில் வாசல்கள் பல. லாகோஸில் வாங்கிய சீட்டுக்கு லாகோஸ் மாநில லாட்டரி, கேமிங் ஆணையம். கூட்டாட்சி உரிமத்தை மட்டும் காட்டி மாநிலங்களில் விற்கும் கடையைவிட, உங்கள் மாநில உரிமம் ஒட்டியிருக்கும் கடையில் சீட்டு வாங்குவது நல்லது.