நைட்ரோவா ராவா, டைனமைட்டா டபிள்யூடபிள்யூஇயா: இரண்டு காலத்து மல்யுத்தப் போட்டி

தொலைக்காட்சி மல்யுத்தத்தில் இரண்டு பெரிய கம்பெனிகள் நேருக்கு நேர் மோதியதை நாம் இரண்டு முறை பார்த்திருக்கிறோம். 1995 முதல் 2001 வரை அமெரிக்காவில் திங்கள் இரவுகளில் வின்ஸ் மக்மானின் கம்பெனி (இன்றைய டபிள்யூடபிள்யூஇ) நடத்திய ‘ரா’வும், டெட் டர்னரின் டபிள்யூசிடபிள்யூ நடத்திய ‘நைட்ரோ’வும் ஒரே நேரத்தில் ஓடின. அப்புறம் 2019 அக்டோபரில் ஏஇடபிள்யூ என்ற புதிய கம்பெனி டபிள்யூடபிள்யூஇக்குப் போட்டியாகத் தன் ‘டைனமைட்’டைத் தொடங்கியது. அந்தப் போட்டி இன்னும் நடக்கிறது. பழைய ரசிகர்களைக் கேட்டால் அந்தக் காலம் மாதிரி வராது என்பார்கள். புதிதாகப் பார்க்கத் தொடங்கியவர்கள் பழைய நிகழ்ச்சிகளைத் தேடிப் பார்த்துவிட்டு, மூன்று நிமிடத்தில் முடியும் இந்த ஆட்டங்களுக்கா இவ்வளவு பேச்சு என்று கேட்பார்கள்.

நைட்ரோ, ரா, டைனமைட், இன்றைய டபிள்யூடபிள்யூஇ நான்கையும் ஒப்பிட எனக்கு ஒரே ஒரு அளவுகோல் போதும். கீழ் வரிசையில் இருக்கும் ஒருவர் உழைத்து, ஜெயித்து உச்சிக்கு வர அந்த நிகழ்ச்சி வழி விடுகிறதா? முடிவை முன்கூட்டியே எழுதிவிடுகிறார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும். தெரிந்தும் பார்க்கிறோம் என்றால், இன்று ஒருவர் பெற்ற வெற்றிக்கு அடுத்த வாரமும் மதிப்பு இருக்கும் என்று நம்புவதால்தான். அந்த நம்பிக்கையை யார் காப்பாற்றினார்கள், யார் உடைத்தார்கள் என்பதே எனக்கு முக்கியம்.

நைட்ரோ: திறமை இருந்தது, ஏணி இல்லை

1995 செப்டம்பர் 4, மினசோட்டாவின் மால் ஆஃப் அமெரிக்கா வணிக வளாகத்துக்குள் ரிங் போட்டு நைட்ரோவைத் தொடங்கினார்கள். முதல் ஆட்டம் ஜப்பானின் ஜூஷின் லைகருக்கும் பிரையன் பில்மனுக்கும். அதே இரவில், எதிர்க் கம்பெனியில் இருப்பதாக எல்லோரும் நினைத்த லெக்ஸ் லூகர் சாவகாசமாக நடந்து வந்து நின்றார். இந்தத் திங்கட்கிழமை எது வேண்டுமானாலும் நடக்கலாம் என்ற உணர்வை முதல் நாளே விதைத்துவிட்டார்கள்.

அதன் உச்சம் 1996 ஜூலை 7. டேட்டோனா பீச்சில் ஸ்காட் ஹாலும் கெவின் நாஷும் மூன்றாவது ஆளை வெளியே சொல்லாமல் சண்டைக்கு வந்தார்கள். அந்த மூன்றாவது ஆள் ஹல்க் ஹோகன் என்று தெரிந்த கணத்தில் கூட்டம் ரிங்குக்குள் குப்பையை வாரி எறிந்தது. பத்து வருடத்துக்கும் மேலாகக் குழந்தைகளின் நாயகனாக இருந்தவர் ஒரே நொடியில் வில்லனானார். அந்தக் காலகட்டத்தில் நைட்ரோ தொடர்ந்து 83 வாரம் ராவை ரேட்டிங்கில் தோற்கடித்தது.

முதல் ஒரு மணி நேரத்தில் ரே மிஸ்டீரியோ, எடி கெரேரோ, டீன் மலென்கோ, கிறிஸ் ஜெரிக்கோ போன்றவர்கள் ஆடியதைப் போல அன்று அமெரிக்கத் தொலைக்காட்சியில் வேறு யாரும் ஆடவில்லை. 1997 அக்டோபரில் லாஸ் வேகஸில் மிஸ்டீரியோவும் கெரேரோவும் மோதிய ஹாலோவீன் ஹேவாக் ஆட்டத்தை இன்று போட்டுக் காட்டினாலும் பழசாகத் தெரியாது. ஆனால் இவர்கள் யாருக்கும் அந்த முதல் மணி நேரத்தைத் தாண்ட அனுமதி இல்லை. கடைசி ஆட்டம் ஹோகனுக்கும் நாஷுக்கும் அவர்களின் நண்பர்களுக்கும் உரியது. 1999 பிப்ரவரியில் மிஸ்டீரியோவின் முகமூடியையே கழற்ற வைத்தார்கள். அந்த ஆகஸ்டில் ஜெரிக்கோ ராவில் வந்து நின்றார். அடுத்த ஜனவரியில் கெரேரோவும் மலென்கோவும் போனார்கள். ஜெரிக்கோ, கெரேரோ, மிஸ்டீரியோ மூவரும் பின்னாளில் மக்மானின் கம்பெனியில் உலக சாம்பியன் ஆனார்கள். டபிள்யூசிடபிள்யூ தன் கையில் என்ன வைத்திருந்தது என்பதற்கு வேறு சான்று வேண்டாம்.

இன்னொரு வகையிலும் நம்பிக்கையை உடைத்தார்கள். ஸ்டிங் ஒரு வருடத்துக்கும் மேலாக ஆட்டமே ஆடாமல், பேசாமல், வெள்ளை முகத்தோடு கூரையில் நின்று ஹோகனைப் பார்த்துக்கொண்டிருந்தார். 1997 டிசம்பர் 28, வாஷிங்டனில் டபிள்யூசிடபிள்யூவின் பெரிய நிகழ்ச்சியான ஸ்டார்கேட். அந்த இரவு ஸ்டிங் ஐந்து நிமிடத்தில் ஹோகனைத் தூக்கிப் போட்டு ஜெயித்திருந்தால் போதும், யாரும் வேறெதுவும் கேட்டிருக்க மாட்டார்கள். மாறாக வெற்றியை முடிவு செய்ய நடுவர் மூன்று வரை எண்ணும் எண்ணிக்கையில் குளறுபடி, இடையில் பிரெட் ஹார்ட் வந்து தடுப்பது, ஆட்டத்தை மறுபடி தொடங்குவது என்று குழப்பி, ஸ்டிங்கின் வெற்றியைச் சந்தேகத்துக்குரியதாக்கிவிட்டார்கள். எழுதிய கதைகளில் இதைவிட நல்ல காத்திருப்பும் கிடையாது, இதைவிட மோசமான முடிவும் கிடையாது.

அதற்கு அடுத்த வருடம் கோல்ட்பர்க். 1998 ஜூலை 6, அட்லாண்டாவின் ஜார்ஜியா டோமில் ஹோகனை வென்றார். அரங்கம் அதிர்ந்தது. ஆறு மாதம் கழித்து, 1999 ஜனவரி 4 அன்று அதே ஜார்ஜியா டோமில், அதற்குள் சாம்பியனாகியிருந்த நாஷின் நெஞ்சில் ஹோகன் ஒரு விரலால் தொட, நாஷ் சாய்ந்து விழுந்து சாம்பியன் பெல்ட்டைக் கொடுத்தார். அங்கே டிக்கெட் வாங்கி வந்திருந்தவர்களை நினைத்தால் இன்றும் கோபம் வருகிறது.

ரா: ஏணி இருந்தது, ஆனால் விலை கடுமை

அதே ஜனவரி 4 இரவு, மறு சேனலில் மிக் ஃபோலி, ‘ராக்’ என்ற பெயரில் ஆடிய வீரரை வென்று முதன்முறையாக உலக சாம்பியன் ஆனார். அந்த நிகழ்ச்சியை முன்கூட்டியே பதிவு செய்திருந்தார்கள். முடிவு தெரிந்த நைட்ரோ வர்ணனையாளர் அதைக் கிண்டலாகச் சொல்லிக் காட்ட, மக்கள் ஃபோலி ஜெயிப்பதைப் பார்க்கவே சேனலை மாற்றினார்கள். அழகன் இல்லை, கட்டுடல் இல்லை, பல் உடைந்த ஒரு மனிதர் பெல்ட்டைத் தூக்குகிறார். ஒரே இரவில் இரண்டு கம்பெனிகளின் குணமும் வெளிப்பட்டுவிட்டது.

ராவின் உச்சத்தில் இருந்தவர்களைப் பாருங்கள். ஸ்டீவ் ஆஸ்டினை 1995இல் டபிள்யூசிடபிள்யூ வேலையை விட்டு நீக்கியது. ஃபோலி, அண்டர்டேக்கர், டிரிபிள் ஹெச் மூவரும் முன்பு அதே டபிள்யூசிடபிள்யூவில் வேறு பெயர்களில் ஆடி, மேலே வர முடியாமல் வெளியேறியவர்கள். ராக் 1996 நவம்பரில் சிரித்த முகத்தோடு அறிமுகமாகி, ரசிகர்களே வெறுத்து விரட்டி, அந்த வெறுப்பையே ஆயுதமாக்கி இரண்டே வருடத்தில் சாம்பியன் ஆனவர். இப்படி மேலே ஏறி வந்தவர்களால்தான் 1998 ஏப்ரலில் 83 வார ஓட்டம் நின்றது.

நம் ஊரில் அந்தக் காலத்துப் பிள்ளைகள் உயரம், எடை, மார்பளவு சொல்லி அட்டை விளையாடியது பெரும்பாலும் மக்மானின் ஆட்களை வைத்துத்தான். அதனால் நமக்கு அந்தக் காலம் என்றாலே ரா. அந்தப் பாசம் எனக்கும் உண்டு. ஆனால் பாசத்தைத் தள்ளி வைத்துச் சில விஷயங்களைச் சொல்லியே ஆக வேண்டும்.

ஆட்டத்தை மட்டும் பார்த்தால் 1998, 1999 ரா பல வாரங்களில் மிகச் சாதாரணம். மூன்று நிமிடம், ஒரு குறுக்கீடு, ஒரு நாற்காலி அடி, முடிந்தது. பெண்களை உடையைக் கிழிக்கும் ‘ஆட்டங்களில்’ நிறுத்தினார்கள். அதைச் சிரித்துக் கடக்க என்னால் முடியவில்லை. 1999இல் ராயல் ரம்பிள் என்ற ஆண்டு நிகழ்ச்சியில் கையில் விலங்கு மாட்டிய ஃபோலியின் தலையில் ராக் பத்துக்கும் மேற்பட்ட முறை நாற்காலியால் அடித்தார். ஃபோலியின் மனைவியும் குழந்தைகளும் முன்வரிசையில் அழுதுகொண்டிருந்தார்கள். தலையில் நாற்காலி அடி கூடாது என்ற தடை வர 2010 ஆனது. 1999 மே மாதம் கான்சாஸ் சிட்டியில் ஓவன் ஹார்ட் அரங்கின் உச்சியிலிருந்து விழுந்து இறந்தார். அன்று நிகழ்ச்சியை நிறுத்தாமல் தொடர்ந்து நடத்தினார்கள். அந்தக் காலத்தைப் புகழும்போது இதையும் சேர்த்தே பேச வேண்டும்.

ஆக அன்றைய கணக்கு இது: 1997 முடியும்வரை நைட்ரோ, அதன்பின் ரா. 2001 மார்ச் 26 அன்று ஃபுளோரிடாவில் கடைசி நைட்ரோ. முதல் நாள் மோதிய ஸ்டிங்கும் ரிக் ஃபிளேரும்தான் கடைசி நாளும் மோதினார்கள். அதற்குள் மக்மான் டபிள்யூசிடபிள்யூவையே வாங்கியிருந்தார்.

டைனமைட்: ஆட்டத்துக்கு முதல் மரியாதை

ஏஇடபிள்யூ டைனமைட்டின் முதல் நிகழ்ச்சி நடந்த வாஷிங்டன் அரங்கம், 1997இல் ஸ்டிங்கின் கதையைக் கெடுத்த அதே அரங்கம். பெயர் மட்டும் மாறியிருந்தது. அடுத்த வருடம் ஸ்டிங்கே ஏஇடபிள்யூவுக்கு வேலைக்கு வந்தார். 2024 மார்ச்சில் கிரீன்ஸ்போரோவில் டார்பி ஆலினோடு சேர்ந்து தன் கடைசி ஆட்டத்தை ஜெயித்து விடைபெற்றார். ஸ்டார்கேடில் அவருக்குக் கிடைக்காத சுத்தமான முடிவு அங்கே கிடைத்தது.

நைட்ரோவின் முதல் மணி நேரத்தை நேசித்தவர்களுக்கு ஏஇடபிள்யூ சொர்க்கம். 2021 செப்டம்பரில் நியூயார்க்கின் ஆர்தர் ஆஷ் அரங்கில் கென்னி ஒமேகாவும் பிரையன் டேனியல்சனும் 30 நிமிடம் முழுதாக ஆடிச் சமனில் முடித்தார்கள். வாராந்திர நிகழ்ச்சியில் இப்படி ஓர் ஆட்டத்தைப் பழைய ரா கனவிலும் போட்டிருக்காது.

ஏணி? அங்கேதான் தடுமாற்றம். ஹேங்மேன் பேஜின் கதை அருமை. 2019இல் முதல் பட்டத்துக்கான ஆட்டத்தில் ஜெரிக்கோவிடம் தோற்றவர், நட்பை இழந்து, தன்மேலேயே நம்பிக்கை இழந்து, 2021 நவம்பரில் ஒமேகாவை வென்றார். டபிள்யூடபிள்யூஇ விடுவித்த ஸ்வெர்வ் ஸ்டிரிக்லேண்ட் 2024 ஏப்ரலில் சாம்பியன் ஆனார். ஆனால் வார்ட்லோவை நினைத்துப் பாருங்கள். 2022 மே மாதம் எம்ஜேஎஃபை அடித்து நொறுக்கியபோது அந்தக் கூட்டம் அவரைத் தலையில் தூக்கி வைத்தது. அடுத்த சில மாதங்களிலேயே அந்த வேகம் கரைந்துபோனது. பெல்ட்டுகள் அதிகம், ஆட்கள் அதிகம். ஒரு பெரிய வெற்றி ஊறுவதற்குள் அடுத்த நல்ல ஆட்டம் வந்து அதை மூடிவிடுகிறது. பெண்களின் ஆட்டம் பல வாரங்களில் ஒன்றோடு நின்றுவிடுவதும் எனக்குக் குறைதான். பிரிட் பேக்கரும் தண்டர் ரோசாவும் 2021 மார்ச்சில் கடைசி ஆட்டமாக ரத்தம் சிந்தி ஆடிக் காட்டிய பிறகும் இந்த நிலை.

இன்றைய டபிள்யூடபிள்யூஇ: பொறுமையும் அவசரமும்

ரோமன் ரெய்ன்ஸ் 1316 நாள் பட்டத்தை வைத்திருந்தார். அவ்வளவு நாள் ஏன் என்று அலுத்தவர்கள் உண்டு. எனக்கு அந்த நீளம் பிடித்தது, ஏனென்றால் அதற்குள் மற்றவர்கள் வளர்ந்தார்கள். ரோமனின் கும்பலில் சிரிப்புக்காகச் சேர்க்கப்பட்ட சாமி ஸேன், 2023 ராயல் ரம்பிளில் நாற்காலியால் ரோமனின் முதுகில் அடித்தபோது எழுந்த சத்தத்தை, 1996 டேட்டோனா பீச் சத்தத்துக்குப் பக்கத்தில் வைப்பேன்.

கோடி ரோட்ஸின் கதையை ஸ்டிங்கின் கதையோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். இரண்டும் நீண்ட காத்திருப்பு. வருடத்தின் மிகப் பெரிய நிகழ்ச்சியான ரெஸில்மேனியாவில் 2023இல் கோடி ரோமனிடம் தோற்றார். 2024 தொடக்கத்தில் அவர் இடத்தை ராக் எடுத்துக்கொள்ளப் பார்த்தபோது ரசிகர்கள் கொதித்தார்கள், கம்பெனி ஒரே வாரத்தில் பின்வாங்கியது. ஏப்ரல் 7 அன்று ஃபிலடெல்ஃபியாவில் ஏகப்பட்ட குறுக்கீடுகள் இருந்தும் கோடியை ஜெயிக்க வைத்த கடைசி எண்ணிக்கை சுத்தமாக விழுந்தது. டபிள்யூசிடபிள்யூ கோட்டைவிட்டதை இவர்கள் பிடித்தார்கள்.

பெண்களின் ஆட்டத்தில் ஒப்பீட்டுக்கே இடமில்லை. 2015 பிப்ரவரியில் ராவில் நால்வர் ஆடிய ஆட்டம் அரை நிமிடத்தில் முடிந்து ரசிகர்கள் கொந்தளித்தார்கள். நான்கே வருடத்தில் பெக்கி லின்ச், ரோண்டா ரௌசி, ஷார்லட் ஃபிளேர் மூவரும் ரெஸில்மேனியாவின் கடைசி ஆட்டத்தை ஆடினார்கள். இயோ ஸ்கை, ரியா ரிப்ளி, பியாங்கா பெலேர் 2025இல் ஆடிய ஆட்டம் அந்த ரெஸில்மேனியாவிலேயே சிறந்தது.

ஆனால் அதே 2025இல் பெரிய சறுக்கலும் நடந்தது. மார்ச் 1, டொராண்டோவில் ஜான் சீனா கோடியைத் தாக்கி வில்லனானார். ஹோகனுக்குப் பிறகு இவ்வளவு பெரிய திருப்பம் இல்லை என்று நானும் துள்ளினேன். ஹோகனின் திருப்பத்தைச் சுற்றி ஒரு கும்பல், ஒரு நிறம், ஒன்றரை வருடக் கதை என்று நைட்ரோ கட்டி எழுப்பியது. சீனாவின் திருப்பத்துக்குப் பின்னால் நின்ற ராக் ரெஸில்மேனியாவுக்கே வரவில்லை. ஆகஸ்ட் தொடக்கத்தில் சீனா மறுபடி நல்லவர். ஐந்து மாதத்தில் ஒரு தலைமுறையின் அதிர்ச்சியைச் செலவழித்துவிட்டார்கள். ஜே ஊசோவும் அப்படியே: இரட்டையர் ஆட்டத்திலிருந்து ஏறி வந்து ஏப்ரலில் குந்தரை வென்றவர், ஜூனிலேயே அவரிடம் பெல்ட்டை இழந்தார். நெட்ஃபிளிக்ஸ் பணம் வந்த பிறகு ரிங்கின் தரை முழுக்க விளம்பரம் நிறைந்துவிட்டது. ஆட்ட நேரமும் குறைந்ததாகவே எனக்குப் படுகிறது.

அதே கோடையில், ஜூலை 12 அன்று டெக்சஸில் ஹேங்மேன் பேஜ் ஜான் மாக்ஸ்லியை வென்றார். மாக்ஸ்லி மாதக்கணக்கில் பெட்டிக்குள் பூட்டி வைத்திருந்த பெல்ட் வெளியே வந்தது. பேஜின் பரம எதிரியான ஸ்வெர்வே வந்து சங்கிலி ஒன்றை ஆயுதமாக அவர் கையில் கொடுத்தார். நீண்ட நாள் பகை அந்த ஒரு கணத்துக்குள் அடங்கியது.

என் அளவுகோல்படி 2022 முதல் 2024 ரெஸில்மேனியா வரை டபிள்யூடபிள்யூஇ தெளிவாக முன்னே. 2025இல் ஏஇடபிள்யூ முன்னே. வாரத்தில் இரண்டு மணி நேரம்தான் கிடைக்கும் என்பவர்கள் இப்போதைக்கு டைனமைட்டைப் பாருங்கள், ரெஸில்மேனியாவுக்கும் ராயல் ரம்பிளுக்கும் மட்டும் இந்தப் பக்கம் வாருங்கள். பழசைத் தொடாதவர்கள் 1997 ஹாலோவீன் ஹேவாக்கின் மிஸ்டீரியோ–கெரேரோ ஆட்டத்தையும், 1999 ஜனவரி 4 ராவின் கடைசிப் பத்து நிமிடத்தையும் அடுத்தடுத்துப் போட்டுப் பாருங்கள்.