‘ஸ்டடி லெவல்’ என்ற சொல்லை நம்பி 105 டாலரை இழந்தேன்: சிமுலேட்டருக்கு விமானம் வாங்குவோர் கவனத்திற்கு

நேற்றிரவு என் புகார், ‘தீர்க்கப்பட்டது’ என்ற குறிப்போடு மூடப்பட்டுவிட்டது. எதுவும் தீரவில்லை. நான் வாங்கிய விமானத்தின் திரைகள் முன்பு எந்த இடத்தில் உறைந்தனவோ அதே இடத்தில்தான் இன்றும் உறைகின்றன. கொடுத்த 105 டாலரில் ஒரு காசுகூடத் திரும்பவில்லை. ஆறு காணொளிப் பதிவுகளையும் நான்கு பிழைக் குறிப்புக் கோப்புகளையும் பதினொரு மின்னஞ்சல்களையும் அனுப்பிய பிறகு எனக்குக் கிடைத்த முடிவு இதுதான். கோபம் தணிந்த பிறகு எழுதலாம் என்று முதலில் நினைத்தேன். ஆனால் இந்த வாரம் அதே விமானத்துக்குத் தள்ளுபடி அறிவித்திருக்கிறார்கள். என்னைப் போலவே இன்னும் பலர் நம்பிப் பணம் கட்டிவிடுவார்கள் என்பதால் இப்போதே எழுதுகிறேன்.

விற்றவரின் பெயரை நான் சொல்லப்போவதில்லை. வீட்டுக் கணினியில் ஓடும் ஃப்ளைட் சிமுலேட்டர்களுக்காகப் பலர் உருவாக்கும் விமானங்களை ஒரே இடத்தில் வைத்து விற்கும் இணையக் கடை என்பது போதும். முன்பு வாங்கிய ஐந்து விமானங்கள் அதே கடையின் கணக்கில்தான் இருக்கின்றன. கணக்கைப் பூட்டிவிட்டால் அவற்றையும் இழக்க நேரிடும் என்ற அச்சம் எனக்கு இருக்கிறது. வாங்குவதற்கு முன் எதையெல்லாம் சோதித்துப் பார்க்க வேண்டும் என்பதை இறுதியில் விரிவாகச் சொல்கிறேன்.

இந்தப் பொழுதுபோக்குக்குப் புதியவர்கள், ஒரு விமான ஆட்-ஆனுக்கு, அதாவது சிமுலேட்டரில் கூடுதலாகச் சேர்க்கும் மென்பொருள் விமானத்துக்கு, ஏன் இவ்வளவு பணம் கொடுக்கிறோம் என்று கேட்கக்கூடும். ஏர்பஸ் ஏ320 விமானத்தில் பச்சை, நீலம், மஞ்சள் என்று, திரவ அழுத்தத்தால் இயங்கும் மூன்று ஹைட்ராலிக் அமைப்புகள் இருக்கின்றன. பச்சைக்கு முதல் எஞ்சினும், மஞ்சளுக்கு இரண்டாம் எஞ்சினும், நீலத்துக்கு ஒரு மின் பம்பும் அழுத்தம் கொடுக்கின்றன. இவற்றோடு மின்சாரம், எரிபொருள், கட்டுப்பாட்டுக் கணினிகள் எல்லாம் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன. ஓரிடத்தில் ஒரு பொத்தானை அணைத்தால் அதன் விளைவு எங்கெங்கே தெரியும் என்பதைப் படித்து, பிறகு விமானி இருக்கையில் அமர்ந்து அதைக் கண்ணால் பார்ப்பதில்தான் எங்களைப் போன்றவர்களுக்கு இந்த ஈடுபாட்டின் உயிர் இருக்கிறது. எட்டு ஆண்டுகளாக நான் செய்துவருவது அதைத்தான்.

அப்படி உள்ளமைப்புகள் ஆழமாக உருவாக்கப்பட்ட விமானங்களை ‘ஸ்டடி லெவல்’ என்று சொல்லி விற்கிறார்கள். உண்மையான விமானிகள் பயிற்சி பெறும் ஃபுல் ஃப்ளைட் சிமுலேட்டர்களுக்கு ஏ முதல் டி வரை தர நிலைகள் உள்ளன. விமானப் போக்குவரத்து ஒழுங்குமுறை அமைப்புகள் அவற்றைச் சோதித்துத்தான் சான்று கொடுக்கின்றன. ‘ஸ்டடி லெவல்’ என்பதற்கு அப்படிப்பட்ட அளவுகோல் எதுவும் கிடையாது. யாரும் சோதிப்பதில்லை, யாரும் சான்று தருவதில்லை; விற்பவர் தம் பொருளுக்குத் தாமே சூட்டிக்கொள்ளும் பட்டம் அது. இது எனக்கு முன்பே தெரியும். தெரிந்தும் பணம் கட்டியதற்குக் காரணம் ஒரு பதில்.

2009 ஜனவரி 15 அன்று நியூயார்க்கின் லகார்டியா விமான நிலையத்திலிருந்து புறப்பட்ட யூஎஸ் ஏர்வேஸ் 1549 விமானத்தின் இரண்டு எஞ்சின்களும் பறவைகள் மோதியதால் உந்துவிசையை இழந்தன. அது ஓர் ஏ320. கேப்டன் சல்லன்பெர்கர் தொடக்கத்திலேயே ஏபியூ எனப்படும் துணை எஞ்சினை இயக்கியதால் மின்சாரம் தொடர்ந்து கிடைத்தது. விமானம் ‘நார்மல் லா’ எனப்படும் முழுப் பாதுகாப்பு நிலையிலேயே ஹட்சன் ஆற்றில் இறங்கியது. உள்ளே இருந்த 155 பேரும் உயிர் பிழைத்தார்கள். ஏபியூவும் இல்லாமல், இரண்டு ஜெனரேட்டர்களும் போய்விட்டால் நிலைமை வேறு: ரேட் எனப்படும் சிறிய காற்றாடி தானாக வெளியே இறங்கி, நீல ஹைட்ராலிக் வழியாக அவசர ஜெனரேட்டரைச் சுழற்றும், இணை விமானியின் எதிரே உள்ள திரைகள் அணைந்துவிடும், விமானம் பாதுகாப்புகள் குறைந்த ‘ஆல்டர்நேட் லா’ நிலைக்கு இறங்கிவிடும். இந்த இரண்டு நிலைகளையும் அடுத்தடுத்து ஓட்டிப் பார்த்து வேறுபாட்டை உணர வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை.

ஆகவே வாங்குவதற்கு முன்பே விற்பனைப் பிரிவுக்கு எழுதி, ஏபியூவை இயக்கினாலும் இயக்காவிட்டாலும் ஏற்படும் வேறுபாடு இந்த விமானத்தில் தெரியுமா என்று தெளிவாகக் கேட்டேன். இருபது நிமிடத்தில் பதில் வந்தது. “நிச்சயமாக. மின் அமைப்பும் கட்டுப்பாட்டு விதிகளும் முழுமையாக உருவாக்கப்பட்டிருக்கின்றன. எங்கள் சோதனைக் குழுவில் ஏ320 ஓட்டும் விமானிகளே இருக்கிறார்கள். நீங்கள் கேட்பதற்குப் பழுதுப் பயிற்சித் தொகுப்பையும் சேர்த்து வாங்குங்கள்” என்று எழுதியிருந்தார்கள். என் கேள்வியைப் புரிந்துகொண்டு எழுதியது போல இருந்த அந்த நான்கு வரிகள்தான் என்னை முழுவதுமாக நம்பவைத்தன. விமானத்துக்கு 80 டாலர், தொகுப்புக்கு 25 டாலர், ஆக 105 டாலர். பதிவிறக்கம் தொடங்கியதும் பணத்தைத் திரும்பக் கேட்கும் உரிமை போய்விடும் என்ற வரிக்கு எதிரே இருந்த சிறு கட்டத்தில் டிக் செய்தால்தான் அடுத்த பக்கம் திறக்கும். செய்தேன்.

முதல் நாள் மாலை விமானி அறையைப் பார்த்தபோது உண்மையிலேயே மகிழ்ந்தேன் என்பதையும் மறைக்க விரும்பவில்லை. பொத்தான்களின் ஓரத்தில் தேய்ந்த பெயிண்ட், திரையில் படிந்த விரல் தடம், மேல் பலகையின் எழுத்துகளுக்குப் பின்னால் கசியும் மஞ்சள் வெளிச்சம் என எல்லாம் கச்சிதமாக இருந்தன. முதல் எஞ்சினை இயக்கி, இரண்டாவதை இயக்கியபோது நாய் குரைப்பது போன்ற அந்தப் புகழ்பெற்ற ஒலியும் கேட்டது. ஏ320-இல் பயணம் செய்த பலர் அதைக் கேட்டிருப்பார்கள். பச்சை, மஞ்சள் ஹைட்ராலிக் அமைப்புகளுக்கு இடையே அழுத்தம் 500 பிஎஸ்ஐக்கு மேல் வேறுபட்டால், பிடியூ எனப்படும் கருவி ஒன்றின் வலுவை மற்றொன்றுக்குக் கடத்தும். அதன் சத்தம்தான் அது. முதல் எஞ்சின் தொடங்கும்போது அது தடுக்கப்பட்டிருக்கும், இரண்டாவது தொடங்கும்போது தன்னைத்தானே சோதித்துக்கொள்ளும்.

மறுநாள் எஞ்சின்களை இயக்குவதற்கு முன், மேல் பலகையில் பிடியூ பொத்தானை அணைத்துவிட்டு மீண்டும் தொடங்கினேன். அணைத்த பிறகு அந்த ஒலி வரவே கூடாது. ஆனால் வந்தது. அதே இடத்தில், அதே நீளத்துக்கு, அதே குரைப்பு. அடுத்து மஞ்சள் எஞ்சின் பம்பையும் அணைத்துப் பார்த்தேன்; அப்போதும் வந்தது. இரண்டாம் எஞ்சின் தொடங்கினால் இத்தனை நொடி கழித்து இந்த ஒலிக் கோப்பை ஓட்டு என்று எழுதிவைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான். திரையின் ஹைட்ராலிக் பக்கத்தில் அழுத்தமாகக் காட்டப்படும் 3000 என்ற எண்ணுக்குப் பின்னால் எந்தக் கணக்கும் இல்லை என்பது அந்த ஒரு நிமிடத்திலேயே எனக்கு விளங்கிவிட்டது.

பிறகு நான் எதற்காக வாங்கினேனோ அந்தச் சோதனையைச் செய்தேன். பத்தாயிரம் அடியில் இரண்டு எஞ்சின்களையும் நிறுத்தினேன், ஏபியூவைத் தொடவில்லை. ரேட் காற்றாடி இறங்கும் காட்சி வெளியே மிக அழகாகத் தெரிந்தது. உள்ளே, இணை விமானியின் திரைகள் இரண்டும் முழு வெளிச்சத்தில் எரிந்துகொண்டிருந்தன. மூக்கைத் தூக்கிப் பிடித்தபோது நார்மல் லாவில் மட்டுமே இருக்க வேண்டிய பாதுகாப்பு அப்படியே வேலை செய்தது. ஏபியூவை இயக்கி மீண்டும் ஓட்டினேன். இரண்டுக்கும் ஒரு முடி அளவு வேறுபாடும் இல்லை. பழுதுத் தொகுப்பு என்று 25 டாலருக்கு விற்றது, எச்சரிக்கை மணியையும் திரையில் சில சிவப்பு வரிகளையும் கொண்டுவரும் ஒரு பட்டியல் மட்டுமே.

இதையாவது பொறுத்துக்கொண்டு சாதாரணப் பயணங்களுக்கு ஓட்டலாம் என்றால், அதற்கும் வழியில்லை. சிமுலேட்டர் விமானிகள் இணையத்தில் ஒன்றாகப் பறக்கும் வாட்சிம் வலையமைப்பில், விமானப் போக்குவரத்தை வழிநடத்தும் தன்னார்வக் கட்டுப்பாட்டாளர் ஒருவரோடு பேசிக்கொண்டே மூன்றரை மணி நேரம் பறந்து, இறக்கம் தொடங்கியிருந்தேன். ஓடுபாதை மாறியதால் வேறு வருகைப் பாதையைப் பதிவு செய்யும்படி அவர் சொன்னார். பயணப் பாதையைப் பதியும் எம்சிடியூ கருவியில் புதிய பாதையைத் தேர்ந்து உறுதி செய்த நொடியில் எல்லாத் திரைகளும் உறைந்தன. உயரம் 24,300 என்று நின்றுவிட்டது, வேகம் அப்படியே நின்றுவிட்டது, ஆனால் ஜன்னலுக்கு வெளியே மேகங்கள் மேல்நோக்கி ஓடிக்கொண்டிருந்தன. விமானம் இறங்கிக்கொண்டிருக்கிறது, எவ்வளவு உயரத்தில் இருக்கிறேன் என்பது எனக்குத் தெரியவில்லை. மற்றவர்களின் பாதையில் குறுக்கிடக் கூடாது என்பதால் மன்னிப்புக் கேட்டுத் தொடர்பைத் துண்டித்தேன். இதை ஆறு முறை, ஒவ்வொரு முறையும் பதிவு செய்தபடி, திரும்பச் செய்து பார்த்தேன். இறக்கத்தின்போது வருகைப் பாதையை மாற்றினால் ஆறு முறையும் உறைந்தது.

அதன் பிறகு வாடிக்கையாளர் சேவையோடு நடந்ததைச் சொன்னால்தான் இவர்களை நீங்கள் புரிந்துகொள்ள முடியும். கேள்வி கேட்டபோது இருபது நிமிடத்தில் பதில் தந்தவர்கள், புகாருக்கு ஆறு நாள் எடுத்துக்கொண்டார்கள். முதல் பதில், கிராஃபிக்ஸ் டிரைவரைப் புதுப்பிக்கச் சொன்னது. புதுப்பித்தேன், உறைந்தது. இரண்டாவது பதில், மற்ற ஆட்-ஆன்களோடு முரண்படக்கூடும் என்றது. அனைத்தையும் எடுத்துவிட்டு, இந்த ஒரு விமானத்தோடு மட்டும் ஓட்டினேன், உறைந்தது. மூன்றாவது பதில், சிமுலேட்டரையே அழித்துவிட்டு மீண்டும் நிறுவச் சொன்னது. ஓர் இரவு முழுவதும் பதிவிறக்கம் ஓடியது. மீண்டும் நிறுவியபோது, மூன்று முறை மட்டுமே அனுமதிக்கப்படும் ஆக்டிவேஷனில் ஒன்று கழிந்துவிட்டது என்ற செய்திதான் முதலில் வந்தது. விமானமோ மறுபடியும் அதே இடத்தில் உறைந்தது.

இந்த விமானத்தின் அமைப்புகளைச் சிமுலேட்டருக்கு வெளியே ஒரு தனி நிரல் இயக்குகிறது. விண்டோஸின் ஈவென்ட் வியூவரைத் திறந்து பார்த்தால், உறைந்த ஒவ்வொரு முறையும் செயலிழந்தது அந்த நிரல்தான் என்று நேரத்தோடு பதிவாகியிருக்கிறது. டிரைவரின் பெயரும் இல்லை, சிமுலேட்டரின் பெயரும் இல்லை. அதைப் படமெடுத்து அனுப்பினேன். “உங்கள் பொறுமைக்கு நன்றி. இது எங்கள் கவனத்தில் இருக்கிறது. வரவிருக்கும் அப்டேட்டில் பரிசீலிக்கப்படும்” என்று எழுதினார்கள். அப்படியென்றால் முன்பே தெரிந்திருக்கிறது. தெரிந்தும், என் டிரைவரையும் என் கணினியையும் குற்றம் சொல்லி என்னை மூன்று வாரம் அலைக்கழித்திருக்கிறார்கள். எந்த அப்டேட், எந்த மாதம் என்று கேட்டதற்குப் பதிலே வரவில்லை.

ஹைட்ராலிக், மின் அமைப்பு பற்றிய புகாருக்கு வந்த பதில்தான் என்னை அதிகம் புண்படுத்தியது. “ஸ்டடி லெவல் என்பதை ஒவ்வொருவரும் வெவ்வேறு விதமாகப் புரிந்துகொள்கிறார்கள், பெரும்பாலான பயனர்கள் இந்த ஆழத்தை எதிர்பார்ப்பதில்லை” என்று எழுதினார்கள். வாங்குவதற்கு முன் நான் கேட்டது இந்த ஆழத்தைப் பற்றித்தானே! அவர்களுடைய பழைய பதிலையே அவர்களுக்குத் திருப்பி அனுப்பினேன். விற்பனைப் பிரிவு சொன்னதற்குத் தொழில்நுட்பப் பிரிவு பொறுப்பேற்க இயலாதாம். 105 டாலரைத் திருப்பிக் கேட்டதற்கு, நான் டிக் செய்த கட்டத்தை நினைவூட்டினார்கள். நல்லெண்ணத்தின் அடையாளமாக அடுத்த கொள்முதலில் 10 டாலர் கழிவு தருவதாகச் சொன்னார்கள். 105 டாலரைப் பறிகொடுத்தவனிடம் இன்னொரு விமானம் வாங்கு என்கிறார்கள். அதை மறுத்து எழுதிய மறுநாள் இரவுதான் புகார் மூடப்பட்டது.

அட்டை நிறுவனத்திடம் முறையிட்டுப் பணத்தை மீட்க முயலலாம் என்பது எனக்குத் தெரியும். அப்படிச் செய்தால் கணக்கை நிறுத்திவைப்போம் என்று கடையின் விதிமுறையிலேயே எழுதியிருக்கிறது. 105 டாலருக்காக மற்ற ஐந்து விமானங்களையும் பணயம் வைப்பதா என்று இன்னும் முடிவெடுக்கவில்லை.

விரிவாக எழுதுவதாகச் சொன்ன ஆலோசனைகளை ஒழுங்குபடுத்தும் மனநிலை இப்போது இல்லை. அவசரமானவற்றை மட்டும் சொல்லிவிடுகிறேன். விற்பனைக் காணொளியில் காட்டப்படும் விமானி அறையின் அழகைப் பார்த்து வாங்காதீர்கள். யாராவது பிடியூவை அணைத்தோ ஜெனரேட்டரை அணைத்தோ ஓட்டிக் காட்டிய நீண்ட பதிவு இருக்கிறதா என்று தேடுங்கள், இல்லையென்றால் காத்திருங்கள். இறக்கத்தில் பாதையை மாற்றிக் காட்டியிருக்கிறார்களா என்றும் பாருங்கள். வெளியான முதல் மாதத்தில் வாங்கவே வாங்காதீர்கள். ஏ320-ஐப் பழக மட்டுமே விரும்பினால், ஃப்ளைபைவயர் குழுவின் ஏ32என்எக்ஸ் என்ற சிமுலேட்டர் விமானம் இலவசமாக, திறந்த மூலமாகக் கிடைக்கிறது. அதில் பழகிய பிறகு மற்றதை யோசிக்கலாம். விற்பனைப் பிரிவின் பதில்களை அழித்துவிடாதீர்கள். டிக் செய்யச் சொல்லும் கட்டத்துக்கு எதிரே இருக்கும் வரியை இரண்டு முறை படியுங்கள். ஒரே கடையின் கணக்கில் எல்லா விமானங்களையும் சேர்த்துவைக்காதீர்கள்.

இன்று காலை, அதே ஆறு காணொளிகளை இணைத்துப் புதிய புகார் ஒன்றைப் பதிந்திருக்கிறேன். தானியங்கிப் பதில் வந்திருக்கிறது: கிராஃபிக்ஸ் டிரைவரைப் புதுப்பித்துவிட்டீர்களா என்று கேட்கிறது.