கேமிங் மானிட்டர்: 11,000 ரூபாய் ஐபிஎஸ்ஸா, 60,000 ரூபாய் ஓலெட்டா?

ஒரு பக்கம் 24 அங்குல, 1080பி (1920×1080 பிக்சல்), 180 ஹெர்ட்ஸ் (நொடிக்கு 180 முறை படம் மாறும்) ஐபிஎஸ், அதாவது பின்விளக்கு வைத்த எல்சிடி திரை. 11,000 ரூபாயை ஒட்டிக் கிடைக்கும். இன்னொரு பக்கம் 27 அங்குல, 1440பி (2560×1440 பிக்சல்), 240 ஹெர்ட்ஸ் ஓலெட். 60,000 ரூபாய் பக்கம் போகும். விலை ஐந்து மடங்குக்கு மேல். ஆட்டமும் ஐந்து மடங்கு நன்றாக இருக்குமா என்று தெரிய வேண்டுமானால் முதலில் பார்க்க வேண்டியது மானிட்டரை அல்ல, கேபினட்டுக்குள் இருக்கும் கிராபிக்ஸ் கார்டை.

1080பி திரையில் சுமார் 20.7 லட்சம் பிக்சல்கள், 1440பி-யில் 36.9 லட்சம். ஒவ்வொரு ஃபிரேமுக்கும் கார்டு 1.8 மடங்கு வரைந்தாக வேண்டும். ஜிடிஎக்ஸ் 1650 போன்ற பழைய, எளிய கார்டு உள்ள கணினியில் ஓலெட்டை மாட்டினால் புதிய கனமான ஆட்டங்கள் மூச்சுவாங்கும். 240 ஹெர்ட்ஸ் சும்மா கிடக்கும். சரி, ஆட்டத்தை மட்டும் 1080பி-க்கு இறக்கிக்கொள்ளலாமே என்றால், 1440 என்பது 1080-இன் முழு மடங்கு இல்லை. ஒரு பிக்சலை ஒன்றேகால் சொச்சமாக இழுத்து நிரப்புவதால் படம் கொழகொழவென்று தெரியும். 11,000 ரூபாய் மானிட்டரில் அதே ஆட்டம் இதைவிடத் துல்லியமாக இருக்கும். வலோரன்ட், சிஎஸ்2 போன்ற இலகுவான போட்டி ஆட்டங்கள் மட்டும்தான் என்றால் ஆர்டிஎக்ஸ் 4060 கார்டு 1440பி-க்குத் தாங்கும். கதை ஆட்டங்களை உயர் செட்டிங்ஸில் ஆட 4070 வகையாவது வேண்டும்.

ஹெர்ட்ஸ் விஷயத்தில் விளம்பரம் சொல்லாத கணக்கு ஒன்று உண்டு. 60 ஹெர்ட்ஸில் ஒரு ஃபிரேம் 16.7 மில்லிசெகண்ட் நிற்கும், 180-இல் 5.6, 240-இல் 4.2. அதாவது 60-லிருந்து 180-க்குப் போகும்போது 11 மில்லிசெகண்ட் மிச்சம், 180-லிருந்து 240-க்கு வெறும் 1.4. பெரிய தாவல் மலிவு மானிட்டரிலேயே முடிந்துவிடுகிறது. ஹெர்ட்ஸுக்காக மட்டும் 60,000 கொடுப்பவர் ஏமாறுகிறார்.

அப்படியானால் ஓலெட்டில் காசு எதற்குப் போகிறது? கருப்புக்கும் பிக்சல் வேகத்துக்கும். சாதாரண ஐபிஎஸ்ஸின் கான்ட்ராஸ்ட் 1000:1-ஐ ஒட்டியது. இருட்டுக் குகைக் காட்சியில் கருப்பு சாம்பலாகும், மூலைகளில் வெளிச்சம் கசியும். ஓலெட்டில் ஒவ்வொரு பிக்சலும் தானே ஒளிர்வது. அணைந்தால் அணைந்ததுதான், கும்மிருட்டு. நிறம் மாறவும் அதற்கு ஒரு மில்லிசெகண்டுகூட ஆகாது, அதனால் வேகமாகத் திரும்பும்போது பின்னால் வால் இழுக்காது. இதை ஒருமுறை பார்த்தவருக்கு ஐபிஎஸ் பழையதாகத் தோன்றும், அது உண்மை.

மலிவு மானிட்டர் பெட்டியிலும் ‘1 எம்எஸ்’ என்று போட்டிருக்கும். பெரும்பாலும் அது பின்விளக்கை மினுக்கி எடுத்த எம்பிஆர்டி (நகரும் படம் மங்கித் தெரியும் நேரம்) கணக்கு. அந்த வசதியைப் போட்டால் வெளிச்சம் குறையும், பல மாடல்களில் ஃப்ரீசிங்க்கும் (கார்டின் ஃபிரேம் வேகத்துக்கேற்பத் திரையின் ஹெர்ட்ஸை மாற்றும் வசதி) வேலை செய்யாது. பிக்சல் நிறம் மாறுவதை விரைவுபடுத்தும் ஓவர்டிரைவ் செட்டிங்கை ஆசைப்பட்டு உச்சத்தில் வைக்காதீர்கள். நகரும் பொருளின் பின்னால் வெளிறிய நிழல் ஒன்று ஒட்டிக்கொண்டே வரும். நடு நிலை போதும். அதே விலையில் எல்சிடியின் இன்னொரு வகையான விஏ பேனலும் வரும். கருப்பு நன்றாக இருக்கும், ஆனால் இருட்டில் ஓடும் உருவம் மை தடவியதுபோல இழுபடும். ‘எச்டிஆர்’ (வெளிச்சத்தையும் இருட்டையும் கூடுதல் வித்தியாசத்தோடு காட்டும் வசதி) ஸ்டிக்கரை இந்த விலையில் கண்டுகொள்ள வேண்டாம்: சிக்னலை வாங்கிக்கொள்ளும், அவ்வளவுதான். 27 அங்குலத்தில் 1080பி வாங்குவதும் வீண். அங்குலத்துக்கு 82 பிக்சல்தான் வரும், எழுத்து பிசிறடிக்கும்.

ஓலெட்டுக்கும் குறைகள் உண்டு. அவை நம் வீட்டுப் பழக்கங்களோடு மோதுகின்றன. சில மணி நேரம் ஓடியபின் அது ஸ்டாண்ட்பையில் போய்த் தானே பிக்சல் ரெஃப்ரெஷ் செய்துகொள்ளும். ஒரே படம் நெடுநேரம் நின்று திரையில் தடமாகப் பதிந்துவிடும் பர்ன்-இன்னைத் தள்ளிப்போடுவது அந்தச் சில நிமிட வேலைதான். நாமோ கணினியை அணைத்த கையோடு சுவர் ஸ்விட்சையும் தட்டிவிட்டுப் படுக்கப் போவோம். தினமும் அப்படிச் செய்தால் ரெஃப்ரெஷ் ஒழுங்காக நடக்காது. சுவர் ஸ்விட்சை விட்டுவைக்க வேண்டும். டாஸ்க்பாரைத் தானாக மறைய வைக்க வேண்டும். நாள் முழுக்க எக்செல் திறந்து வைப்பவர் இந்தப் பக்கமே வர வேண்டாம். ஓலெட்டில் ஒரு வகையான க்யூடி-ஓலெட் என்றால் ஜன்னல் வெளிச்சமோ டியூப்லைட்டோ திரைமேல் நேரே அடிக்கும்போது கருப்பு ஊதா கலந்த சாம்பலாகும், அத்தனை காசும் பகலில் காணாமல் போகும். எழுத்தோரங்களில் மெல்லிய பச்சையும் இளஞ்சிவப்பும் தெரிவதும் இந்தப் பேனல்களின் துணைப்பிக்சல் அமைப்பால்தான் (ஒரு பிக்சலுக்குள் சிவப்பு, பச்சை, நீலப் புள்ளிகள் அடுக்கப்பட்ட விதம்). வாரன்டி தாளில் பர்ன்-இன் சேர்த்தி என்று எழுதியிருக்கிறதா என்று வாங்குமுன் பாருங்கள்.

எதை வாங்கினாலும் மாட்டும்போது நடக்கும் தவறுகள் ஒன்றேதான். கேபிளை மதர்போர்டு போர்ட்டில் செருகுவது முதல் தவறு. கிராபிக்ஸ் கார்டின் போர்ட், கேபினட்டின் பின்புறம் கீழே படுக்கைவாட்டில் இருக்கும். பழைய எச்டிஎம்ஐ கேபிளையே மாட்டுவது அடுத்தது. எச்டிஎம்ஐ 2.0-வில் 1440பி, 240 ஹெர்ட்ஸ் போகாது, டிஸ்ப்ளேபோர்ட் 1.4 போடுங்கள். மூன்றாவதுதான் அதிகம்: விண்டோஸ் பல சமயம் 60 ஹெர்ட்ஸிலேயே நின்றுவிடும். செட்டிங்ஸ், சிஸ்டம், டிஸ்ப்ளே, அட்வான்ஸ்டு டிஸ்ப்ளே என்று போய் மேல் எண்ணைத் தேர்ந்தெடுக்க வேண்டும். மாறிவிட்டதா என்று அறிய மவுஸைச் சட்டென்று வட்டமாகச் சுற்றுங்கள். 60-இல் அம்புக்குறிகள் இடைவெளி விட்டுச் சிதறித் தெரியும், 180-இல் நெருங்கி வரும்.

பிஎஸ்5-க்கு வாங்குபவருக்கு 240 ஹெர்ட்ஸ் வீண், அது 120-ஐத் தாண்டாது. ஆனால் ஃப்ரீசிங்க் போலவே ஃபிரேம் வேகத்துக்கேற்ப ஹெர்ட்ஸை மாற்றும் விஆர்ஆர் வேண்டுமென்றால் எச்டிஎம்ஐ 2.1 கட்டாயம், அது பல மலிவு மானிட்டர்களில் இருக்காது.

1650 அல்லது 3050 வைத்திருப்பவருக்கு எங்கள் பதில் தயங்காமல் மலிவு ஐபிஎஸ்தான், மிச்சக் காசு கார்டுக்கு. 4070 அல்லது அதற்கு மேல் கார்டு, ஜன்னலுக்குத் திரைச்சீலை போட்ட அறை, மாலை நேர ஆட்டம் என்றால் ஓலெட். பகலெல்லாம் அதிலேயே அலுவலக வேலை, இரவில் ஆட்டம் என்பவருக்கு இரண்டுமே பொருந்தாது. 20,000 ரூபாயை ஒட்டிக் கிடைக்கும் 27 அங்குல 1440பி ஐபிஎஸ்ஸைப் பார்க்கலாம்.

பெட்டி வந்ததும் பிரிப்பதை வீடியோ எடுங்கள். கருப்பு, வெள்ளை, சிவப்பு, பச்சை, நீலம் என்று முழுத்திரையில் ஒவ்வொன்றாக ஓடவிட்டுச் செத்த பிக்சல் தேடுங்கள். மாற்றித் தரும் கெடு ஒரு வாரம்தான் என்றால், அந்தச் சோதனையை முதல் நாளே முடித்துவிடுங்கள்.