எண்ணிப் பார்ப்பதா, பழகிப் பார்ப்பதா?

எதிராளி எதை இழக்க அஞ்சுகிறார் என்று தெரியாமல் விடும் மிரட்டல் அவரை அடக்கவும் செய்யலாம், உசுப்பியும் விடலாம். ஆயுதத்தைப் படம் எடுத்துவிடலாம், நோக்கத்தை எடுக்க முடியாது. அதை அறிய சமூக அறிவியலில் போட்டி போடும் மூன்று வழிகள் உண்டு.

எளியது தர்க்கம். எதிராளி லாப நஷ்டம் பார்ப்பவர், ஆகவே இப்படித்தான் நடப்பார் என்று கணிப்பது. அமெரிக்காவுக்குப் பக்கத்தில் உள்ள கியூபாவில் அணு ஏவுகணை வைப்பது சோவியத் யூனியனின் வழக்கத்துக்கு ஒத்துவராது என்று 1962 செப்டம்பர் 19 அன்று அமெரிக்க உளவு மதிப்பீடு சொன்னது. அக்டோபர் 14 அன்று யூ-2 என்ற அமெரிக்க உளவு விமானம் எடுத்த படங்களில் அந்த ஏவுகணைகள் தெரிந்தன. வேடிக்கை என்னவென்றால், அமெரிக்க உளவு அமைப்பான சிஐஏவின் தலைவர் ஜான் மெக்கோனும் தர்க்கத்தை வைத்துத்தான் அதை முன்பே ஊகித்திருந்தார்: கியூபாவில் இத்தனை விமான எதிர்ப்பு ஏவுகணைகள் எதைக் காக்க?

அறிகுறிகளை எண்ணுவது அடுத்தது. பார்த்தால் இதுதான் அறிவியல் மாதிரி இருக்கும், எனக்கு அதிகம் பயம் தருவதும் இதுதான். மேற்கு நாடுகள் அணு ஆயுதத் தாக்குதலுக்குத் தயாராகின்றனவா என்று பார்க்க, 1981-ல் சோவியத் உளவு அமைப்பான கேஜிபி ‘ரியான்’ என்ற திட்டத்தைத் தொடங்கியது. லண்டனில் இருந்த அதன் அதிகாரிகள் அரசுக் கட்டடங்களில் இரவில் எத்தனை ஜன்னல்களில் விளக்கு எரிகிறது என்று எண்ண வேண்டும். (பெருக்கித் துடைப்பவர்களும் விளக்கைப் போடுவார்கள்தானே?) போருக்கு ரத்தம் சேர்க்கிறார்களா என்று அறிய, ரத்தம் கொடுப்பவர்களுக்குத் தரும் விலை ஏறுகிறதா என்றும் கவனிக்கச் சொன்னார்கள். பிரிட்டனில் ரத்தத்துக்குக் காசே கிடையாது! எண்ணியவர்களுக்கே நம்பிக்கை இல்லை, ஆனாலும் கேட்டதை எழுதி அனுப்பினார்கள். மாஸ்கோவில் தாள் சேரச் சேர பயமும் சேர்ந்தது.

சரி, ஆளைப் பழகி அறிவது? லுவெலின் தாம்சன் 1957 முதல் 1962 வரை மாஸ்கோவில் அமெரிக்கத் தூதர். துருக்கியில் இருந்த அமெரிக்க ஏவுகணைகளை எடுக்காமல் சோவியத் தலைவர் குருஷேவ் கியூபா விஷயத்தில் இறங்கிவர மாட்டார் என்று 1962 அக்டோபர் 27 அன்று அமெரிக்க அதிபர் கென்னடி நினைத்தார். ‘கியூபாவைக் காப்பாற்றினேன்’ என்று சொல்லிக்கொள்ள வழி கிடைத்தால் அவருக்குப் போதும் என்றார் தாம்சன். மறுநாளே குருஷேவ் பின்வாங்கினார். துருக்கி பற்றியும் அமெரிக்காவின் ரகசிய வாக்குறுதி போயிருந்ததால் தாம்சனுக்கு முழு மதிப்பெண் போட முடியாது.

இருந்தாலும் என் ஓட்டு தாம்சனுக்கே. அப்படி ஓர் ஆள் கிடைக்காத இடத்தில் அறிகுறிகளை எண்ணலாம், ஆனால் தாக்கும் எண்ணம் இல்லையென்றால் என்ன தென்படும் என்ற பட்டியலும் பக்கத்திலேயே இருக்க வேண்டும். பட்டியல் எழுதுகிறவர் அந்த நாட்டில் ஒருமுறை ரத்தம் கொடுத்திருந்தால் இன்னும் நல்லது.