சைக்கிள் கேமரா வீடியோவை எங்கே கொடுப்பது: எக்ஸா, வாட்ஸ்அப்பா, ஸ்டேஷனா?

ஏற்காடு ஏறுகிறவனுக்கு இருபது கொண்டை ஊசி வளைவும் தொடைக்குத்தான் கஷ்டம், மனசுக்கு இல்லை. மனசைப் பதற வைப்பது முதுகுக்குப் பின்னால் கேட்கிற ஹாரன். மழைக்காலம் முடிந்த கையோடு ஒரு ஞாயிறு காலை, அடிவாரம் தாண்டி ஆறேழு வளைவு ஏறியிருப்பேன், எதிரே கார் இறங்கி வருவது தெரிந்தும் ஒரு பஸ் என்னை ஓவர்டேக் பண்ணப் பார்த்து, பாதியில் இடம் பத்தாமல் சட்டென்று இடதுபக்கம் ஒடித்தது. இடதுபக்கம் தடுப்புச் சுவர், நடுவில் நான். காலை எடுத்துச் சுவர்மேல் ஊன்றியதால் தப்பித்தேன். ஹேண்டில்பாரில் மாட்டியிருந்த கேமராவில் எல்லாம் பதிவாகியிருந்தது: பஸ்ஸின் பக்கவாட்டுத் தகரம், பின்பக்க நம்பர் பிளேட், நான் திட்டிய கெட்ட வார்த்தை உட்பட.

இந்த நாற்பது செகண்டை வைத்துக்கொண்டு எங்கே போவது? மூன்று வழியையும் நானே போய்ப் பார்த்துவிட்டேன், அதனால் ஒப்பிட்டு எழுதலாம் என்று தோன்றியது.

முதலில் எக்ஸ். எல்லோரும் செய்வதைத்தான் செய்தேன், வீடியோவைப் போட்டு ஒரு போலீஸ் கணக்கை டேக் பண்ணினேன். அரை மணி நேரத்தில் பதில் வந்துவிட்டது, 'உரிய நடவடிக்கைக்கு அனுப்பப்பட்டுள்ளது'. அதோடு சரி. எக்ஸ் வீண் என்று சொல்ல வரவில்லை. ஹெல்மெட் இல்லை, ஒன்வேயில் எதிரே வருகிறான், நோ பார்க்கிங்கில் நிறுத்தியிருக்கிறான் என்றால் ஒரு போட்டோ போதும், சென்னைப் போக்குவரத்துப் போலீஸ் அபராதம் போட்ட சலானையே பதிலாகப் போட்டுக் காட்டுவதைப் பார்த்திருப்பீர்கள். ஆனால் மலைப்பாதையில் ஆபத்தாக ஓட்டினான் என்பதை ஒருவர் உட்கார்ந்து முழு வீடியோவையும் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். எக்ஸில் நடந்தது என்னவென்றால், போலீசுக்கு முன்னால் ஊரே முடிவு செய்துவிட்டது. 'மலையில் உனக்கு எதுக்கு சைக்கிள்' என்று பாதிப் பேர், 'பர்மிட்டை ரத்து பண்ணு' என்று மீதிப் பேர்.

வாட்ஸ்அப் இதைவிட மோசம், அதுவும் நான் எதிர்பார்க்காத காரணத்தால். வீடியோவைச் சுருக்கி அனுப்பும் பழக்கம் அதற்கு. என் கேமராவில் டி.என். 30 என்று பளிச்சென்று தெரிந்த பிளேட், மறுமுனையில் 38 மாதிரி ஆகிவிட்டது. சேலம் மேற்கு வண்டி ஒரே நொடியில் கோவை வடக்கு வண்டி. அனுப்பியே தீர வேண்டும் என்றால் டாக்குமெண்ட்டாக அனுப்புங்கள், அப்போதுதான் கோப்பு அப்படியே போகும்.

மூன்றாவது, ஸ்டேஷன். எந்த ஸ்டேஷன் என்பதே முதல் கேள்வி. சேலம் மாநகரத்துக்குக் கமிஷனர், மலைக்கு மாவட்ட எஸ்.பி. நான் முதலில் போன இடத்தில் 'இது எங்க லிமிட் இல்லீங்க' என்று அனுப்பிவிட்டார்கள். வாரண்ட் இல்லாமல் கைது செய்யத்தக்க குற்றம் எங்கே நடந்தாலும் எந்த ஸ்டேஷனிலும் தகவல் கொடுக்கலாம் என்று 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பி.என்.எஸ்.எஸ். என்ற புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 173ஆம் பிரிவு சொல்கிறது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், வியர்த்துப்போன சைக்கிள் ஜெர்சியோடு நின்றுகொண்டு சட்டப்பிரிவு பேச எனக்குத் தைரியம் வரவில்லை.

இரண்டாவது இடத்தில் ஏட்டு ஒருவர் வீடியோவை மூன்று தடவை பார்த்தார். போனைக் கண்ணுக்குக் கிட்டே வைத்து, விரலால் பெரிசாக்கி.

"தம்பி, அடி கிடி படலையே?"

"இல்லீங்க ஏட்டையா."

"அப்புறம் எதுக்குக் கேசு?"

இதுதான் சைக்கிள்காரன் புகாரின் மையமான முடிச்சு. அடிபட்டால்தான் கேஸ் என்ற எண்ணம் நமக்கும் இருக்கிறது, போலீசுக்கும் இருக்கிறது, சட்டத்துக்கு இல்லை. புதிய தண்டனைச் சட்டமான பி.என்.எஸ்.ஸின் 281ஆம் பிரிவு (பழைய ஐ.பி.சி. 279) உயிருக்கு ஆபத்து வரும்படி ஓட்டினாலே போதும் என்கிறது, 6 மாதம் வரை சிறையோ 1,000 ரூபாய் வரை அபராதமோ. மோட்டார் வாகனச் சட்டம் 184 இன்னும் தெளிவு: 2019 திருத்தத்துக்குப் பிறகு, சட்டத்துக்கு மாறாக ஓவர்டேக் செய்வதும் ஆபத்தான ஓட்டுதலில் சேரும், முதல் தடவைக்கே 6 மாதம் முதல் ஓராண்டு வரை சிறை அல்லது 1,000 முதல் 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். ஏட்டையாவிடம் இதை மெதுவாகச் சொன்னேன். கோபப்படவில்லை. மனு எழுதச் சொன்னார், புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீது கொடுத்தார். எஃப்.ஐ.ஆர். இல்லைதான், ஆனாலும் ஒரு எண் கையில் கிடைத்தது. எக்ஸில் கிடைத்த எந்தப் பதிலுக்கும் எண் கிடையாது.

வெளியூரில் எப்படி என்றும் பார்ப்போம். டெல்லியில் 2015இலேயே பொதுமக்கள் ஆப் மூலம் போக்குவரத்து மீறலை அனுப்பும் திட்டம் வந்தது, 2024 செப்டம்பரில் பிரஹரி என்ற பெயரில் திரும்ப வந்தபோது மாதாமாதம் முதல் பரிசு 50,000 ரூபாய். எனக்கு இது பிடிக்கவில்லை. பரிசு வைத்தால் சுலபமாகக் கிடைக்கிற மீறல்தான் குவியும், ஹெல்மெட் போடாதவனைப் படம் பிடிப்பது எளிது, மலை வளைவில் என்னை ஒடுக்கின பஸ்ஸுக்கு யார் காத்திருப்பார்கள்?

பிரிட்டன்காரர்கள் செய்வதுதான் நம் ஸ்டேஷன் வழியோடு நேருக்கு நேர் வைத்துப் பார்க்க வேண்டியது. 2016இல் வடக்கு வேல்ஸில் 'ஆபரேஷன் ஸ்னாப்' ஆரம்பித்தது, பிறகு மற்ற ஊர்ப் போலீசுக்கும் பரவியது. இணையதளத்தில் வீடியோவை ஏற்றி, சாட்சி வாக்குமூலத்தையும் அங்கேயே கொடுத்து, தேவைப்பட்டால் கோர்ட்டுக்கு வருவேன் என்று ஒப்புக்கொள்ள வேண்டும். சம்பவத்துக்கு முன்னும் பின்னும் கொஞ்ச நேரம் சேர்த்துத்தான் அனுப்பச் சொல்கிறார்கள். நீ என்ன பண்ணினாய் என்பதும் தெரிய வேண்டுமாம், நியாயம்தான். சமூக ஊடகத்தில் போடாதே என்றும் சொல்கிறார்கள். அதாவது நான் முதல் நாளே செய்த காரியத்தை.

அங்கே எல்லாம் சொர்க்கம் என்று நினைக்க வேண்டாம். ஒவ்வொரு ஊர்ப் போலீசும் ஒவ்வொரு மாதிரி. ஒரு இடத்தில் அபராதம் ஆகிற வீடியோ இன்னொரு இடத்தில் எச்சரிக்கைக் கடிதத்தோடு முடியும். ஆனால் ஒரு விஷயம் உறைக்கிறது. வீடியோவில் தெரிவது வண்டி, ஓட்டினவன் அல்ல. இந்த ஓட்டையை அவர்கள் இப்படி அடைக்கிறார்கள்: 14 நாளுக்குள் வண்டியின் உரிமையாளருக்கு நோட்டீஸ் போய்விட வேண்டும், அவர் 28 நாளுக்குள் ஓட்டினவர் யார் என்று சொல்லியாக வேண்டும், சொல்லாவிட்டால் அதுவே தனிக் குற்றம். அவர்களுடைய சாலைப் போக்குவரத்துச் சட்டமும் 1988, நம் மோட்டார் வாகனச் சட்டமும் 1988. நம் சட்டத்தின் 133ஆம் பிரிவிலும் போலீஸ் கேட்டால் உரிமையாளர் டிரைவரின் பெயர், லைசென்ஸ் விவரத்தைத் தர வேண்டும் என்று இருக்கிறது. யார் கேட்கிறார்கள் என்பதுதான்.

இன்னொரு வித்தியாசம். 2021இல் மத்திய மோட்டார் வாகன விதிகளில் வந்த 167ஏ விதி கேமரா மூலம் சலான் போட வழி செய்தது, 15 நாளுக்குள் நோட்டீஸ் என்றது. ஆனால் அது மாநில அரசு அங்கீகாரச் சான்று தந்த கருவிகளுக்கு. என் ஹேண்டில்பார் கேமராவுக்கு யார் சான்று தருவார்கள்? அதனால் என் வீடியோ கருவியின் ஆதாரம் ஆகாது, என் சாட்சியத்தோடு சேர்ந்த ஆதாரம்தான். கோர்ட் வரை போனால் புதிய சாட்சியச் சட்டத்தின் 63ஆம் பிரிவுச் சான்றிதழும் வேண்டும், கோப்பு மாற்றப்படவில்லை என்று காட்டும் ஹாஷ் மதிப்போடு (கோப்பின் கைரேகை மாதிரி ஒரு எண்). பயப்படத் தேவையில்லை, மெமரி கார்டைத் தொடாமல் எடுத்து வைத்துவிட்டுப் புது கார்டு போட்டுக்கொள்ளுங்கள். இசை சேர்க்காதீர்கள், ஸ்லோ மோஷன் போடாதீர்கள்.

என்னைக் கேட்டால் ஸ்டேஷன்தான், தாமதமானாலும். அதுவும் அன்றைக்கே, எழுத்தில், சி.எஸ்.ஆர். கையில் வாங்கும்வரை நகராமல். ஹெல்மெட், பார்க்கிங் மாதிரி விஷயங்களுக்கு எக்ஸ் போதும். வாட்ஸ்அப்பை நண்பர்களுக்கு வைத்துக்கொள்ளுங்கள். மனுவில் 'டிரைவர் யார் என்று 133இன்படி உரிமையாளரிடம் கேட்கவும்' என்று ஒரு வரி சேருங்கள், அதை நான் விட்டுவிட்டேன். அப்புறம், இப்போதெல்லாம் ஏதாவது வண்டி ஒட்டி வந்தால் திட்டுவதற்குப் பதில் நம்பரைச் சத்தமாகப் படிக்கிறேன். படம் ஆடினாலும் ஒலியில் இருக்கும்.

போன வாரம் ரசீது எண்ணைச் சொல்லி ஸ்டேஷனுக்குப் போன் பண்ணினேன். அந்த ஏட்டையா மாற்றலாகிப் போய்விட்டாராம். புதிதாக வந்தவர் வீடியோவை இன்னொரு தடவை கொண்டு வரச் சொல்லியிருக்கிறார், பென் டிரைவில்.